கத்துவதற்கு ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் ஒருவர் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவார்? அடுக்குமாடி வீட்டில் கத்தினால் ஐந்தாவது நிமிடம் செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டு "ஏனாய்த்து சார்?" என்பார். கப்பன் பார்க்கில் கத்தினால் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். அல்சூர் ஏரிக்கரையில் கத்தினால் நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிடுவார்கள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தலாம் என்றால், சில்க் போர்டு சிக்னலில் பக்கத்துக் காரும் நம்மோடு அசையாமல் நிற்கிறது. உள்ளே இருப்பவருக்கு வேறு வேடிக்கையும் கிடையாது.

நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. துக்க வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். செத்தவருக்காக மட்டுமா அழுதார்கள்? மாமியார் கொடுமை, குடிகார வீட்டுக்காரர், விளையாத காடு எல்லாவற்றையும் அந்த ஒரே ஒப்பாரியில் சேர்த்து அழுது தீர்த்தார்கள். கோயில் கொடையில் சாமி வந்து ஆடினார்கள். யாரும் தடுக்கவில்லை, விபூதி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. பாத்ரூம் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்கள்.

மனம் தளர்ந்திருக்கும்போது என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி என்னை அழைத்தபோது, தியானம் பற்றியோ யோகா பற்றியோ பேசத் தகுதியான ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது போல்ட்டும் நட்டும்தான். வேண்டுமானால் ராட்டினத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

என் தங்கை மகள் இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவளுடைய சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான், வேலை போயிற்று. அப்பா அம்மா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஊருக்கும் போகாமல் அல்சூரில் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றால் "சாப்பிட்டேன் மாமா." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நாள் முழுக்க விண்ணப்பம் அனுப்புவாள், போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை, காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வொண்டர்லா போலாமா?" என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, பிடதிப் பக்கம் இருக்கிற கேளிக்கைப் பூங்கா அது.

"எப்ப மாமா?"

"இப்பத்தான். செருப்பைப் போடு."

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். அது கேள்வி இல்லை என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

திட்டம் போடாமல் கிளம்புவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "அடுத்த ஞாயிறு எல்லாரும் சேர்ந்து போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கும். யார் டிக்கெட் போடுவது, யார் வண்டி பேசுவது, சித்தப்பா வருவாரா, அவருக்கு முட்டிவலி ஆயிற்றே என்று அது ஒரு கல்யாண வேலை ஆகிவிடும். மனம் ஓய்ந்து கிடக்கிறவர்களுக்கு இன்னொரு வேலையைக் கொடுக்கக் கூடாது. அதோடு, ஞாயிறு வருவதற்குள் "அன்னைக்கு நான் சந்தோஷமா இருந்தாகணுமே" என்ற பயம் வேறு சேர்ந்துகொள்ளும். செருப்பைப் போடு என்று சொன்னால் யோசிக்க நேரமில்லை. வார நாளில் போனால் வரிசையும் குறைவு, டிக்கெட்டும் கொஞ்சம் மலிவு. மலிவு என்றாலும் ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அல்சூரிலிருந்து போவது சுலபம். ஊதா வழித்தட மெட்ரோவில் உட்கார்ந்தால் வண்டி மாறாமல் கெங்கேரி. அங்கிருந்து பிடதிப் பக்கம் போகும் பஸ். 2023 ஜூன் மாதத்திலிருந்து கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் இலவசம். அவள் ஆதாரைக் காட்டிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள், நான் காசு கொடுத்துவிட்டு நின்றுகொண்டு போனேன். இரு சக்கர வண்டியில் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மைசூரு விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

இந்தப் பூங்கா 2005இல் வந்தது. இதே ஆட்கள் 2000இல் கொச்சியில் முதல் பூங்காவைத் திறந்துவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களெல்லாம் பஸ் பிடித்து வருவதால், உள்ளே நுழைந்தால் கன்னடத்துக்கு நிகராகத் தமிழும் காதில் விழும்.

அங்கே 'ரீகாயில்' என்று ஒரு ரோலர் கோஸ்டர், அதாவது தண்டவாளத்தில் மேலேறிக் கீழே பாய்கிற ராட்டினம், இருக்கிறது. மற்றவை முன்பக்கமாக ஏறும். இது கிளம்பும்போதே நம்மைப் பின்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு போகிறது. தரையைப் பார்த்தபடி தொங்குகிறோம். அப்புறம் ஒரே விடு. தலைகீழாகச் சுழன்று எதிர்ப்பக்க மேட்டில் ஏறி, அங்கிருந்து வந்த வழியே மறுபடியும் பின்பக்கமாக. அதாவது, திரும்பும்போது அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கவே முடியாது.

வரிசையில் நிற்கும்போது அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "வேண்டாம்னா திரும்பிடலாம்மா" என்றேன். "இல்ல மாமா, ஏறுவோம்" என்றாள். நான் தூணைப் பார்த்தேன், தண்டவாளத்தின் இணைப்புகளைப் பார்த்தேன். தொழில் புத்தி.

இந்த வண்டிகள் தடம் விட்டு ஏன் கழன்று போவதில்லை என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று விதச் சக்கரங்கள் தண்டவாளக் குழாயைக் கவ்வியிருக்கின்றன. மேலே உருள்வது ஒன்று, பக்கவாட்டில் அணைப்பது ஒன்று, அடியில் நின்று மேலே எழும்பவிடாமல் பிடிப்பது ஒன்று. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் தைரியமாகச் செங்குத்தான இறக்கங்களைக் கட்டினார்கள். சங்கிலி இழுக்கும் ஏற்றத்தில் 'டக டக டக' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது பயமுறுத்துவதற்காக வைத்ததில்லை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் தடுக்கும் பூட்டு, பல் பல்லாக விழுகிற சத்தம் அது. எனக்கு அது தாலாட்டு மாதிரி.

வண்டி தலைகீழாகச் சுழலும் வளையத்தைக் கவனித்தால் அது முழு வட்டமாக இருக்காது, தலைப்பக்கம் குறுகி நீர்த்துளி போல இருக்கும். 1895இல் நியூயார்க் கோனி தீவில் முழு வட்டமாகவே ஒன்று கட்டினார்கள். உள்ளே நுழையும் வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டு போனார்கள் ஜனங்கள். அந்தக் கணக்கைச் சரிசெய்து, உடம்பு தாங்குகிற வளையத்தை வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1976இல் கலிபோர்னியாவில் கொண்டுவந்தார். நடுவில் எண்பது வருஷம்! ஒரு வளைவைச் சரியாக வளைக்க.

சரி, விட்டார்கள். விழும்போது இருக்கையும் நாமும் ஒரே வேகத்தில் விழுகிறோம். அதனால் இருக்கை நம்மைத் தாங்குகிற அழுத்தம் போய்விடுகிறது. உள்ளே குடலும் இரைப்பையும்கூட எதன்மேலும் சாயாமல் மிதக்கின்றன. அடிவயிறு ஜிவ்வென்று ஆவது அதனால்தான். அந்த நொடியில் மூளைக்கு ஒரே செய்திதான் போகிறது: விழுகிறாய், பிடி. வீட்டு வாடகை, வங்கித் தவணை, பதில் வராத விண்ணப்பம் எதற்கும் அங்கே இடமில்லை.

என் பக்கத்தில் இருந்தவள் கத்தினாள். முதலில் வெறும் கத்தல். இரண்டாவது சுழற்சியில் அது சொற்களானது. அவளுடைய பழைய மேலாளரைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சொற்களை வானொலியில் சொல்ல முடியாது. இவ்வளவு வளமான தமிழ் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. என் தங்கைக்கும் தெரியாது என்று நம்புகிறேன். வண்டி நின்றதும் முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பி, "அக்கா, செம!" என்று கைதட்டினார்கள். அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு "இன்னொரு ரவுண்டு மாமா" என்றாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் காசு கொடுத்துப் பயந்துவிட்டு வரும் ஒரு பேய்வீட்டில், போகிறவர்களின் மனநிலையை முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு. பலருக்கு வெளியே வரும்போது மனம் தேறியிருந்தது. உள்ளே போகுமுன் சோர்ந்தும் அலுத்தும் இருந்தவர்களிடம் அது கூடுதலாகவே தெரிந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் தாமாக விரும்பிப் போனவர்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினால் அது வெறும் கொடுமை.

நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றினார்கள். ஏறுவதற்குச் சற்று முன் மூச்சுத் திணறல் அதிகமாகத் தெரிந்தது. இறங்கியதும் குறைவாகத் தெரிந்தது. நுரையீரலை அளந்தால் அதில் முன்னேற்றமே இல்லை! துன்பம் அப்படியே இருக்க, அதை உணர்கிற விதம் மட்டும் மாறியிருந்தது. சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2010இல் இதற்குக் கிடைத்தது. கேட்டுக்கொண்டிருக்கும் ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு: வரிசையில் நிற்பதுதான் கஷ்டம், விழுவது இல்லை. வேலை தேடும் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களும் அதையே சொல்வார்கள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர்ப் பக்கம் போனோம். அலைக்குளத்தில் கழுத்தளவு நின்றோம். இன்னோர் இடத்தில் பாட்டுப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரை மழையாகக் கொட்டுகிறார்கள். பெங்களூர்க் குளிருக்கு அது நல்ல ஏற்பாடு. நான் ஓரமாக நின்று தோளை மட்டும் ஆட்டினேன். திரும்பும் வழியில் பிடதியில் தட்டு இட்லி. அவள் ஐந்து சாப்பிட்டாள். அத்தைக்குப் போன் போட்டு, "மாமா நல்லா கத்தினாரு அத்தை" என்று கோள் சொன்னாள். கத்தினேன்தான்.

மறுநாள் வேலை கிடைத்துவிடவில்லை. விண்ணப்பம் அனுப்பும் வேலை தொடர்ந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள், காலையில் தன் அம்மாவுக்கு அவளே போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். ஒரு நாள் டிக்கெட்டுக்கு நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதற்கு ராட்டினம் மருந்தில்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நம் ஊரிலேயே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்குச் சில விவரங்கள். இதய நோய், கழுத்து முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய ராட்டினங்களில் ஏறக் கூடாது. வாசலில் போர்டு இருக்கிறது, நின்று படியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற என் வயதுக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நான் கேட்டுவைத்திருந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் மனுஷர்தான். மூக்குக் கண்ணாடி, பல்செட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் லாக்கரில் வையுங்கள். முக்கியமாக, பருத்தித் துணியோடு தண்ணீர்ச் சறுக்கில் விட மாட்டார்கள், நைலான் உடைதான் வேண்டும். வேட்டியோடு போய் வாசலில் வாதாடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.