சிரிக்கவே மாட்டார் எங்க ட்ரெட்

நடுவர் அவர்களே, எதிரணியில உக்காந்து இவ்ளோ நேரமா பல்லைக் காட்டிகிட்டு இருக்கற நண்பர்களே, சபையில இருக்கற காமிக்ஸ் பைத்தியங்களே, எல்லாருக்கும் வணக்கம். ஜட்ஜ் ட்ரெட் சிரிப்பாரா மாட்டாரான்னு தலைப்பு குடுத்துட்டு என்னை மாட்டார்ன்ற பக்கம் போட்டிருக்காங்க, என் மூஞ்சிய பாத்துதான் போட்டாங்களோன்னு ஒரு டவுட், பரவால்ல.

ட்ரெட்டை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 2000 ஏடின்னு ஒரு பிரிட்டிஷ் காமிக்ஸ் வாரப் பத்திரிகை, 1977 மார்ச் 5 தேதி போட்ட ரெண்டாவது இதழ்ல தலை காட்டினவர். ஜான் வாக்னரும் ஸ்பெயின்காரர் கார்லோஸ் எஸ்கெர்ராவும் உருவாக்கின ஆளு. முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவி படிச்சு வளந்தவங்களுக்கு சொல்றேன், அதே பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை பரம்பரைதான் இவரும். அணுகுண்டு போருக்கு அப்புறம் அமெரிக்காவோட கிழக்குக் கரை மொத்தமும் ஒரே நகரமா கிடக்கு, பேரு மெகா சிட்டி ஒன், அங்க புடிக்கறவர், விசாரிக்கறவர், தீர்ப்பு சொல்றவர், சுடறவர் எல்லாமே ஒரே ஆளு, அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் ஜட்ஜுன்னு பேரு, ஆளுக்கு ஒரு பைக். கதையில வருஷமும் நம்ம காலண்டர் கூடவே ஓடுது, 1977ல அங்க 2099, இங்க ஒரு வருஷம் போனா அங்கயும் ஒரு வருஷம், அவருக்கும் வயசாகுது.

இப்ப எதிரணிக்கு வரேன். முதல்ல பேசின அண்ணன் ஆரம்ப கால இதழ்கள்ல ட்ரெட்டோட உதடு லேசா மேல போயிருக்குன்னு சொன்னார். நடுவர் அவர்களே, மறுக்கல. வாராவாரம் வர்ற பத்திரிகை, ஒரு வாரம் மைக் மக்மேன் வரைவார், அடுத்த வாரம் வேற கை, ஆளு யாருன்னு எழுதறவங்களுக்கே முழுசா பிடிபடாத நேரம், அதுல ஒண்ணு ரெண்டு இடத்துல உதடு தளந்திருக்கலாம். அண்ணனுக்கும் ஆறு வயசு வரைக்கும் பால் பல்லு இருந்திருக்கும், அதை வெச்சு இன்னிக்கு வாய்க்குள்ள பால் பல்லுதான் இருக்குன்னு சொல்ல முடியுமா?

அடுத்து வந்த அக்கா வள்ளுவரையே கூட்டிட்டு வந்துட்டாங்க. இடுக்கண் வருங்கால் நகுக. அருமையான குறள், ஆனா அக்கா, அது இடுக்கண் வர்றவனுக்கு சொன்னது. எங்க ஆளு அடுத்தவனுக்கு இடுக்கணா போய் நிக்கறவர், அவர் எதுக்கு நகணும்?

சரி விஷயத்துக்கு வரேன். ஒரு பேப்பர் எடுங்க, ட்ரெட்டை வரைங்க. ஹெல்மெட் போடுங்க, கண்ணை மறைக்கற கண்ணாடி, அது நடுவுல மூக்கு பக்கமா சரிஞ்சு இறங்கற சிவப்புப் பட்டை. அந்த பட்டையே கோவத்துல நெரிச்ச புருவம் மாதிரி இருக்கும், அதாவது ஹெல்மெட்டே முறைக்குது. அதுக்குக் கீழ உங்க கிட்ட மிஞ்சறது ஒரு மூக்கு நுனி, ஒரு வாய், செங்கல் கணக்கா ஒரு தாடை, அவ்ளோதான். வாயை கீழ் நோக்கி வளைச்சு கோடு போட்டா ட்ரெட் வந்துருவார். இப்ப ரப்பர் வெச்சு அழிச்சிட்டு அதே கோட்டை மேல் நோக்கி வளைங்க, வரைஞ்சு பாத்தவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க, அது சிரிக்கற நல்ல மனுஷனா தெரியுதா? கண்ணு தெரியாம வாய் மட்டும் சிரிச்சா அது வில்லன் சிரிப்பு, கொலை பண்ணிட்டு வந்து நிக்கற சிரிப்பு. சிரிப்புல பாதி கண்ணுல இருக்கு, அந்த பாதியை எஸ்கெர்ரா ஆரம்பத்துலயே பூட்டி வெச்சிட்டார்.

அந்த உலகத்துல யார் யார் சிரிக்கறாங்கன்னு கொஞ்சம் பாருங்க, எனக்கு இதுதான் முக்கியமான பாயின்ட். 1980ல பிரையன் போலண்ட் வரைஞ்சு ஜட்ஜ் டெத்னு ஒருத்தன் வர்றான், வேற ஒரு பரிமாணத்துல இருந்து வந்த செத்த ஜட்ஜு. அவன் சட்டம் என்ன தெரியுமா, குற்றம் எல்லாத்தையும் பண்றது உயிரோட இருக்கறவங்க, அதனால உயிரோட இருக்கறதே குற்றம், தண்டனை மரணம். லாஜிக்ல ஓட்டையே இல்ல பாருங்க! அந்த மூஞ்சியில உதடே இல்லாத மாதிரி பல்லு எப்பவும் வெளியதான், ஒரு கட்டம் விடாம இளிச்சிகிட்டே நிப்பான். (அதே போலண்ட் 1988ல பேட்மேன் வில்லன் ஜோக்கரையும் வரைஞ்சார், சிரிப்பை பயமாக்கறதுல அவர் கை அப்படி.) அதுக்கு முன்னாடி 1978ல சீஃப் ஜட்ஜ் கால்னு ஒரு கிறுக்கன், ரோமாபுரி கலிகுலாவை வெச்சு எழுதினது, தொட்டியில நீந்தற ஒரு மீனை துணை சீஃப் ஜட்ஜா நியமிப்பான், நகரம் மொத்தத்துக்கும் மரண தண்டனைன்னு அறிவிச்சு அதையும் அகர வரிசைப்படி நிறைவேத்த சொல்லுவான். படிக்கற நமக்கு சிரிப்பு வருது, ஆனா பக்கத்துல ட்ரெட் சிரிக்காம நிக்கறார் பாருங்க, அவர் மட்டும் அங்க ஒரு புன்முறுவல் பூத்திருந்தா கால் ஒரு கோமாளியா போயிருப்பான். இவர் முறைக்கறதாலதான் அவன் ஆபத்தா தெரியறான்.

ட்ரெட் கதையே காமெடிதானே, காமெடி கதை ஹீரோ சிரிக்காம எப்படின்னு கேட்டீங்க. ஐயா, அதனாலதான் சிரிக்கல! மெகா சிட்டியில சர்க்கரை சட்டவிரோதம், கடத்தறவனை புடிக்கணும். வேலையெல்லாம் ரோபோ பாக்கறதால ஜனத்துக்கு பொழுது போகல, தொப்பையை சக்கரம் வெச்ச வண்டியில தள்ளிகிட்டு போற குண்டர் கூட்டம் ஒரு பக்கம், காசு குடுத்து அசிங்கமா மாறிக்கற பியூட்டி பார்லர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் பந்துக்குள்ள ஏறி ஊர் பூரா குதிச்சிகிட்டு திரியறவன் இன்னொரு பக்கம். வீட்டுக்குப் போனா அங்க வால்டர்னு ஒரு ரோபோ, ர உச்சரிப்பு வராது, ட்ரெட் மேல உசுரு, விடுதலை குடுத்தும் போக மாட்டேன்னு வேலைக்காரனா கிடக்கு. இத்தனைக்கும் நடுவுல ஒருத்தர் மட்டும் சர்க்கரை கேஸையும் கொலை கேஸையும் ஒரே மூஞ்சியோட டீல் பண்றார், அந்த மூஞ்சி இல்லாட்டி இதுல எதுவும் சிரிப்பு கிடையாது, வெறும் கூத்து. ஊமைப் பட காமெடியன் பஸ்டர் கீட்டன் சின்னப் பையனா அப்பா அம்மாவோட மேடை ஏறின காலத்துலயே கண்டுபுடிச்ச விஷயம் இது, தான் சிரிச்சா ஜனம் சிரிக்கல, கல்லு மாதிரி நின்னாதான் அரங்கம் அதிருது. காமெடியில சிரிக்கற வேலை நம்மளோடது சார், அதையும் ட்ரெட்டே பாத்துக்கணுமா?

அடுத்த வாதம், 1981ல ஜட்ஜ் டெத்தோட கூட்டாளி ஜட்ஜ் ஃபியர் தன் முகத்தை திறந்து காட்டி பயத்தோட முகத்தைப் பாருன்னு சொல்றப்ப, ட்ரெட்டோட முஷ்டியைப் பாருன்னு திருப்பி சொல்லி ஒரே குத்து, கை மண்டையை துளைச்சு அந்தப் பக்கம் வந்துரும். இவ்ளோ பஞ்ச் பேசறவன் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்க மாட்டானான்னு கேக்கறாங்க. உள்ளுக்குள்ள என்ன நடக்குதோ யாருக்குத் தெரியும், தலைப்பு சிரிப்பாரான்னுதான், உள்ளுக்குள்ள கிளுகிளுப்பாரான்னு இல்ல.

ஸ்டாலோன் படத்தை இழுத்தாங்களே, 1995. ஹெல்மெட்டை கழட்டி பாதி படம் சுத்தறார், கடைசியில முத்தம் வேற. அதுல என்னென்ன இருக்குன்னு நான் விவாதிக்கவே வரல, ட்ரெட் ரசிகர்கள் அதை ட்ரெட்னு எந்த காலத்துல ஒத்துக்கிட்டாங்க? 2012ல கார்ல் அர்பன் நடிச்சார் பாருங்க, முழு படமும் ஹெல்மெட்டோட, நடிப்பு மொத்தமும் மூக்குக்குக் கீழதான்.

ஹெல்மெட்தான் மறைக்குது, கழட்டினா சிரிப்பார்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 1989ல அதே பத்திரிகையில ஒரு தொடர், பாலைவனத்துல உடம்பு பூரா வெந்து, நினைவும் தப்பி ஒருத்தன் கிடைக்கறான், இது ட்ரெட் கதைன்னு வாசகர்களுக்கே சொல்லல, எழுதினவர் பேரையும் மாத்திப் போட்டாங்க, கடைசியிலதான் அது ட்ரெட்னு உடையுது. ஹெல்மெட் இல்ல, பேட்ஜ் இல்ல, தான் ஜட்ஜுன்றதே ஞாபகம் இல்ல, சிரிக்கறதுக்கு இதை விட நல்ல சான்ஸ் வருமா? மருந்துக்குக் கூட இல்ல.

மணி அடிச்சிட்டீங்க, ஒரு நிமிஷம் நடுவரே, இதை சொல்லாம இறங்க மாட்டேன். 1982ல வந்த கதை, சோவியத் தரப்பு நகரம் ஒண்ணு அணுகுண்டு போட்டு மெகா சிட்டியில 80 கோடி ஜனத்துல பாதி போச்சு. ட்ரெட் சின்னதா ஒரு படையோட எதிரி ஏவுகணை தளத்தை புடிச்சிடறார், எதிர்ல அரைக்கோடி இல்ல, ஐம்பது கோடி பேர் இருக்கற ஒரு நகரம், வேணாம்னு கெஞ்சறாங்க, கோரிக்கை நிராகரிக்கப்படுதுன்னு சொல்லிட்டு பட்டனை அமுக்கறார். நாற்பது வருஷமா அந்தப் பக்கத்தை வெச்சு இவர் ஹீரோவா கொலைகாரனான்னு சண்டை ஓடுது. அந்த உதடு நேர்கோடா இருக்கறதாலதான் அந்த சண்டைக்கு இடமே இருக்கு. எதிரணியில அடுத்து வர்ற தம்பி பென்சிலோட வாங்க, அந்த கட்டத்துல ஒரு சின்ன சிரிப்பு, வெறும் அரை மில்லிமீட்டர், வரைஞ்சு சபைக்குக் காட்டுங்க, அப்புறமும் இவர் சிரிப்பார்னு வாதாட உங்களுக்கு மனசு வந்தா நான் தோத்துட்டதா எழுதிக்கங்க. நன்றி, வணக்கம்.