நில அதிர்வுப் பதிவுக் கருவி: நேரமும் அளவும்

வணக்கம் நேயர்களே.

நிலநடுக்கமானி என்றதும் பலருக்கும் சென்சார்தான் நினைவுக்கு வரும். நிலம் அசையும்போது அதற்கேற்ப மின்னழுத்தம் தருவதோடு சென்சாரின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த மின்னழுத்தம் எந்த நொடியில் வந்தது, நிலத்தின் எவ்வளவு அசைவுக்கு அது சமம் என்பதை எண்களாக எழுதி வைப்பது அதனோடு இணைந்த பதிவுக் கருவி. டிஜிட்டைசர், டேட்டா லாகர் என்றும் இதைச் சொல்வார்கள். எவ்வளவு உயர்ந்த சென்சார் வைத்திருந்தாலும், பதிவுக் கருவியில் நேரமோ அளவோ தவறிவிட்டால் அந்த நிலையத்தின் பதிவை நம்ப முடியாது. நடந்து முடிந்த நிலநடுக்கத்தைத் திரும்பவும் பதிவு செய்ய வழி கிடையாது. அதனால்தான் இதன் அமைப்பில் அவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

முதலில் நேரம். நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் அலையான பி அலை, நிலத்தின் மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கடிகாரம் பத்தில் ஒரு நொடி தவறினால், தொலைவுக் கணக்கில் 600 மீட்டர் பிசகிவிடும். கருவிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே ஒரு நாளில் 86 மில்லிநொடி ஓடிவிடும். வெப்பநிலை மாறமாற இந்த விலகலும் மாறும். அதனால் ஜிபிஎஸ் மூலம் கடிகாரத்தைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரிய வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால், சில நேரம் செயற்கைக்கோள் கிடைத்ததுபோல் காட்டிவிட்டு, பிறகு விட்டுவிட்டுத் தொலையும். இது முற்றிலும் கிடைக்காமல் போவதைவிட மோசம். ஏனென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த, மணிக்கொருமுறை மட்டும் ஜிபிஎஸ்ஸை எழுப்பும் வசதி சில கருவிகளில் உண்டு. ஒரு மணி நேரத்தில் விலகல் 3 அல்லது 4 மில்லிநொடிதான் என்பதால் தற்காலிக நிலையத்துக்கு அது போதும். நிரந்தர நிலையத்தில் தொடர்ந்து இயங்கும்படி வைப்பதே சரி.

இன்னொன்றும் உண்டு. ஜிபிஎஸ் நேரமும் உலகப் பொது நேரமும் (யுடிசி) ஒன்றல்ல. 2017 தொடக்கத்திலிருந்து இரண்டுக்கும் 18 நொடி வித்தியாசம். இந்த எண்ணிக்கையைச் சொல்லும் தகவலைச் செயற்கைக்கோள்கள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகின்றன. நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த கருவியை இயக்கியதும் முதல் சில நிமிடங்களுக்கு நேரம் முழு நொடிக் கணக்கில் தவறாக இருக்கக்கூடும். அரை மணி நேரம் காத்திருந்து, சரியாக இயங்கும் வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகே நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். கருவியில் எப்போதும் உலகப் பொது நேரமே இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்தை வைக்கவே கூடாது.

அடுத்தது அளவு. இன்றைய பதிவுக் கருவிகள் பெரும்பாலும் 24 பிட் கொண்டவை. பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சுமார் 84 லட்சம் வரை எண்ண முடியும். உள்ளீட்டு வரம்பு இரு பக்கமும் 20 வோல்ட் என்றால், ஓர் எண் என்பது 2.4 மைக்ரோவோல்ட். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 1500 வோல்ட் என்ற விகிதத்தில் தரும் அகலப்பட்டைச் சென்சாரை (மெதுவான அசைவு முதல் வேகமான அசைவு வரை உணர்வது) இதோடு இணைத்தால், ஓர் எண் நொடிக்கு 1.6 நானோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். அமைதியான இடத்துக்கும் இது போதும், கெயினை, அதாவது உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் மடங்கை, 1 என்றே விடலாம். ஆனால் நொடிக்கு 13 மில்லிமீட்டர் வேகத்தைத் தாண்டிய அசைவில் பதிவின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். அதனால்தான் வலுவான அசைவையும் வெட்டாமல் பதிய அருகிலேயே ஒரு முடுக்கமானியும் வைக்கிறார்கள்.

ஜியோஃபோன் எனும் சிறிய, எளிய சென்சார் அதே வேகத்துக்குத் தருவது ஏறத்தாழ 30 வோல்ட்தான். அதை கெயின் 1-ல் இணைத்தால் ஓர் எண்ணே நொடிக்கு 80 நானோமீட்டர் வேகமாகிவிடும். சிறு அதிர்வுகள் எல்லாம் அதற்குள் மறைந்துபோகும். 32 மடங்கு கெயின் வைத்தால் 2.5 நானோமீட்டருக்கு வந்துவிடலாம். கெயினை மாற்றியவர் அதைக் குறித்து வைக்காமல் போனால், அந்த நிலையம் தரும் நிலநடுக்க அளவு ஒன்றரை அலகு வரை பிசகும். 32 மடங்கு பிழை என்பது மடக்கைக் கணக்கில் அவ்வளவு வரும்.

மாதிரி எடுக்கும் வேகம் உள்ளூர் நிலநடுக்கங்களுக்கு நொடிக்கு 100 என்று இருக்கலாம். அதில் 40 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம்; அதற்கு மேல் வடிகட்டி வெட்டிவிடும். வடிகட்டியிலும் இரண்டு வகை உண்டு. நேர்கட்ட வகை அலை வடிவத்தைக் கெடுக்காது. ஆனால் கூர்மையான பி அலைக்கு முன்பே சிறு நடுக்கம் போன்ற போலி அலையை உண்டாக்கும். முதல் அசைவைத் துல்லியமாகக் குறிக்க வேண்டிய வேலைக்குச் சிறுமக் கட்ட வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று சேனல், நொடிக்கு 100 மாதிரி, ஒரு மாதிரிக்கு 4 பைட் என்றால் நாளொன்றுக்கு 104 மெகாபைட். நில அதிர்வுப் பதிவுகளுக்கான மினிசீட் கோப்பு வடிவத்தில் சுருக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கிவிடும். நினைவக அட்டைகள் இவ்வளவு மலிந்த காலத்தில், அதிர்வு வந்தால் மட்டும் பதியும் டிரிகர் முறையை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லை. தொடர் பதிவே நல்லது. அட்டை நிறைந்ததும் பழையதன் மேல் எழுத வேண்டுமா, நிறுத்திவிட வேண்டுமா என்பதையும் முன்பே முடிவு செய்து அமைத்துவிடுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. சென்சாரும் கருவியும் சேர்ந்து 3 வாட் எடுத்தால் நாளுக்கு 12 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணி. வெயில் இல்லாத ஐந்து நாளுக்கு 30. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்பதால் 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில் தானாக அணையும் எல்லைக்கும், மீண்டும் இயங்கும் எல்லைக்கும் நடுவே ஒரு வோல்ட்டாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் கருவி இரவெல்லாம் அணைந்து அணைந்து எரியும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளும் சிதையும்.

எல்லாம் அமைத்த பிறகு, கருவியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். பல கருவிகளில் மாற்றங்களைச் சேமிக்கத் தனிக் கட்டளை உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த மின்தடையிலேயே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். பிறகு சென்சாருக்கு அருகே தரையில் காலால் ஓங்கி மிதித்து, மூன்று சேனலிலும் அசைவு தெரிகிறதா என்று பாருங்கள். இதனால் கேபிள் சரியாக இருப்பது தெரியும். சென்சாரின் நலம் தெரியாது. அதற்கு ஓர் இரவின் பதிவை எடுத்து அதிர்வெண் வரைபடம் போடுங்கள். கடல் அலைகளால் நிலத்தில் எப்போதும் இருக்கும் நுண்ணதிர்வு, 5 முதல் 8 நொடி அலைக்காலத்தில் ஒரு மேடாகத் தெரிய வேண்டும். அகலப்பட்டைச் சென்சாரின் ஒரு சேனலில் மட்டும் அந்த மேடு இல்லையென்றால், சென்சாருக்குள் அசைய வேண்டிய நிறை ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது நடுநிலையை விட்டு நகர்ந்திருக்கலாம்.

செங்குத்துச் சேனலில் நிலம் மேலே எழுந்தால் எண் கூட வேண்டும். கம்பிகள் மாறியிருந்தால் தலைகீழாக வரும். பிளவு நகர்ந்த விதத்தைக் கணிப்பவர் முற்றிலும் எதிரான விடைக்குப் போய்ச் சேருவார். தொலைதூரப் பெரிய நிலநடுக்கம் ஒன்று வரும்போது பக்கத்து நிலையத்தின் முதல் அசைவோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். கிடைமட்டச் சேனல்களின் திசையையும் அதே அலைகளைக் கொண்டு சரிபார்க்கலாம். காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் வேறு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஊசியை மேலும் திருப்பிவிடும்.

சென்சாரையோ கருவியையோ மாற்றினால், கெயினைத் தொட்டால், கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினால், நிலையத் தகவல் கோப்பில் பழைய பகுதியை அந்த நாளின் உலகப் பொது நேரத்தோடு முடித்து, சென்சார், கருவி ஆகியவற்றின் வரிசை எண்களோடு புதிய பகுதியைத் தொடங்குங்கள். பழைய பகுதியின் மேல் திருத்தி எழுதிவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவு முழுவதும் தவறான அளவில் படிக்கப்படும்.

வணக்கம்.