முகாமுக்கு ஒரு செவிலியர்

(கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துவோருக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, மகளின் திருமண வேலைகளுக்கு நடுவிலும் தலைமையேற்க இசைந்த பேரூராட்சித் தலைவர் அவர்களே, எனக்குப் பின் பாம்புக்கடி பற்றிப் பேசவிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்து மோரும் பானகமும் வழங்கிய வணிகர் சங்கத்தாரே, முகாம் நடத்துநர்களே, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியராகிய என் பணிவான வணக்கம்.

தண்ணீர், வெயில், உணவு, பிள்ளைகளின் பாதுகாப்பு என நான்கைப் பற்றியும் பேசப் பணித்திருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லும் பழமொழி. 2025 ஏப்ரல் 29 அன்று மதுரையில், தனியார் மழலையர் பள்ளியொன்றின் கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த 4 வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். அதன் பிறகு கைது நடந்தது, பள்ளிக்குச் சீல் வைக்கப்பட்டது. தொட்டிக்கு மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நாளே சுற்றிப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

குடிநீர்த் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும். பவுடரை அப்படியே கொட்டிவிட்டு, வாடை வருகிறது என்று பிள்ளைகளைக் குடிக்கவிடாமல் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வெயிலைப் பொறுத்தவரை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை மைதானத்தைப் பூட்டிவிடுங்கள்.

உணவுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் நடந்த ஒரு தங்கும் முகாமில், நள்ளிரவில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். 108 வந்து போனது. சாம்பார் சாதம் கெட்டுவிட்டது என்றார் பொறுப்பாளர், பருப்பு மட்டம் என்றார் மளிகைக் கணக்கர், தண்ணீர் சேரவில்லை என்றார் காவலாளி. நான் சமையல் மாஸ்டரைத் தனியே அழைத்து, "அண்ணே, உங்களுக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு நாளா வயித்தால போகுதும்மா. சொன்னா கூலிய வெட்டிருவாங்க. அடுப்புக்கும் கொல்லைக்குமா ஓடி ஓடித்தான் வடிச்சு இறக்கினேன்" என்றார். நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கை கழுவச் சோப்பு எங்கே என்று கேட்டதற்கு, அலுவலக அறையைக் காட்டினார். திருடு போகிறதாம், அதனால் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பீரோவைத் திறந்தால் ஒரு பெட்டி நிறையச் சோப்பு, உறை கூடப் பிரிக்கவில்லை!

மாஸ்டரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். இதுவும் கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரம்தான். வயிற்றுப்போக்கு கண்டவரை, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிக்குள் விடக்கூடாது. அந்த நாட்களுக்கும் கூலி உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் எவரும் மறைக்க மாட்டார். பணியாளரின் உடல்நலத்தைக் காப்பாற்றாத முகாம் பிள்ளைகளின் உடல்நலத்தை எப்படிக் காப்பாற்றும்? காலையில் அடுப்படிக்குள் நுழைந்து, மாஸ்டர் முதல் காய் நறுக்கும் அக்கா வரை ஒவ்வொருவரையும் நலம் விசாரிக்கவும், நகத்தைப் பார்க்கவும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி என்று அளந்து கரைக்கவும் அங்கேயே இருக்கிற ஒருவர் வேண்டும். அவர் செவிலியராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான்காவதாகக் குறித்துவந்த பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள் என்பதோடு நிறுத்துகிறேன். கல்வி அலுவலர் அவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்தான்: செவிலியரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத முகாம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். இவ்வட்டாரத்தில் ஓய்வுபெற்று, உடலில் தெம்போடு வீட்டில் இருக்கும் செவிலியர்களின் பெயர்ப் பட்டியலைத் தங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். மருத்துவ அலுவலர் அவர்கள் பேசக் காத்திருக்கிறார்கள், இத்துடன் விடைபெறுகிறேன்.