டிசி-6: தீயும் தீயணைப்பும்

நண்பர்களே, வணக்கம். டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-6 விமானத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நான்கு பிஸ்டன் இன்ஜின்கள், நான்கு புரொப்பெல்லர்கள். அமெரிக்காவில் 1947 ஏப்ரலில் பயணிகள் சேவைக்கு வந்தது. உயரத்தில் பறந்தாலும் உள்ளே மூச்சு முட்டாது, குளிராது. குளிரைப் போக்க வைத்திருந்த ஹீட்டர் பெட்ரோலை எரித்துச் சூடு தரும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 24. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸின் 608ஆம் எண் டிசி-6 விமானம் யூட்டா மாநிலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. சாமான் அறையில் தீப்பிடித்துவிட்டது என்று ரேடியோவில் தகவல் வருகிறது. பிரைஸ் கேன்யன் விமானத் தளத்தில் எப்படியாவது இறக்கிவிடப் பார்க்கிறார்கள். ஓடுபாதைக்கு இரண்டு மைல்கூட இல்லாத தூரத்தில் விமானம் விழுந்துவிட்டது. 52 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நவம்பர் 11 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இன்னொரு டிசி-6லும் நடுவானில் தீ. அது நியூ மெக்சிகோவின் கேலப்பில் எரிந்துகொண்டே இறங்கியது. உள்ளே இருந்த 25 பேரும் உயிர் தப்பினார்கள். தீ எந்த வழியாக ஓடியது என்று காட்டும் தடயங்களோடு விமானமும் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் பிரைஸ் கேன்யன் விபத்தின் புதிர் அவிழ்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். இறக்கையில் பல பெட்ரோல் டேங்குகள். எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக விமானிகள் பறக்கும்போதே ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றுவார்கள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பியபின் மோட்டாரை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? இங்கேயும் அதேதான்: டேங்க் நிரம்பி, வெளிக்குழாய் வழியாகப் பெட்ரோல் வழிந்தது. அந்தக் குழாய்க்குப் பின்னால், காற்றோட்டம் போகும் பாதையிலேயே, ஹீட்டருக்குக் காற்று இழுக்கும் வாய் இருந்தது. வழிந்த பெட்ரோல் நேராக ஹீட்டருக்குள் போய்ப் பற்றிக்கொண்டது. அந்த இரண்டையும் அவ்வளவு அருகில் வைத்தது வடிவமைப்பின் தவறு என்பதே என் கருத்து. விமானி மேல் பழி போடுவது நியாயமில்லை.

டிசி-6கள் எல்லாம் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டன. மாற்றங்கள் செய்து, 1948 மார்ச்சில் மறுபடி பறக்கத் தொடங்கின. சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மூன்றே மாதம். 1948 ஜூன் 17, யுனைடெட் 624. சிகாகோவிலிருந்து நியூயார்க் நோக்கிப் போகும் வழியில், முன்பக்கச் சரக்கு அறையில் தீ என்று எச்சரிக்கை வந்தது. விமானிகள் அந்த அறைக்குள் கரியமில வாயுவைத் திறந்துவிட்டார்கள். விதிப்படி அதற்கு முன்னால் கேபின் காற்றை வெளியே விடும் அழுத்த வால்வுகளைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. வாயு விமானி அறைக்குள் கசிந்து அவர்களைச் செயலிழக்க வைத்தது. பென்சில்வேனியாவின் மவுண்ட் கார்மல் அருகே உயர் அழுத்த மின் டிரான்ஸ்பார்மரில் மோதி, இருந்த 43 பேரும் இறந்தார்கள்.

சிதைவுகளைப் புரட்டிப் பார்த்தபோது சரக்கு அறையில் தீப்பிடித்த அடையாளமே இல்லை. எச்சரிக்கை பொய்!

இந்த இரண்டு விபத்துகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் சக விமானிகள் எரிந்து விழுந்ததை அறிந்த ஒருவர், தீ என்றதும் நிதானமாக ஒவ்வொரு வால்வாகத் திறந்துகொண்டு இருப்பாரா? வால்வு திறக்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்வது சரிதான். ஆனால் தீயை அணைக்கும் கருவியே விமானியின் மூச்சை நிறுத்தக்கூடிய அமைப்பை வைத்துக்கொண்டு, பதற்றமான அந்த நிமிடத்தில் அவர் நினைவாற்றலை மட்டுமே நம்பியிருந்தார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அப்புறம் டிசி-6 விபத்துகளின் பட்டியலில் வேறு பெயர்களும் வரும். 1955 நவம்பர் 1, டென்வர் அருகே 44 பேர் இறந்தது, ஒருவன் தன் தாயின் பெட்டியில் வைத்த வெடிகுண்டால். 1961 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் ஆப்பிரிக்காவில் எண்டோலா அருகே இறந்ததும் டிசி-6பி என்ற வகை விமானத்தில்தான். அதன் காரணம் பற்றிய விவாதம் ஓயவில்லை. இவற்றை அந்த ஹீட்டர் தீயோடு ஒரே கணக்கில் கூட்டி, இது ஆபத்தான விமானம் என்று எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. 700க்கும் மேல் தயாரான இந்த விமானங்களில் சில, அலாஸ்காவில் இந்த நூற்றாண்டிலும் சரக்கு ஏற்றிப் பறந்திருக்கின்றன.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.