ஓடுகிற தாளம், ஓடாத தாளம்

வணக்கம். இன்று இரண்டு ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று 'டோன்ட் யூ வான்ட் மீ'. ஹியூமன் லீக் என்ற குழு 1981இல் வெளியிட்டது, சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியால் கட்டிய பாட்டு. இன்னொன்று 'காமன் பீப்பிள்'. பல்ப் என்ற குழு 1995இல் வெளியிட்டது. பிரிட்பாப் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த கிட்டார் அலை உச்சத்தில் இருந்த வருடம் அது. இரண்டையும் நீங்கள் கேட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. நான் பேசப்போவது தாளத்தைப் பற்றி. தாளம் புரியாத காது கிடையாது.

இரண்டும் ஒரே ஊர்ப் பாட்டுகள். இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற ஷெஃபீல்டு. எஃகு ஊர். ஹாரி பிரியர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருக்கியது அங்கேதான். ராத்திரி படுத்தால் பட்டறைச் சம்மட்டி விழும் சத்தம் பள்ளத்தாக்கிலிருந்து கேட்கும் என்று அந்த ஊர் இசைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் 1996இல் உலோகவியல் படிக்க அங்கே போனேன். அதற்குள் பட்டறைகள் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். ஆனால் கிட்டாரா மெஷினா என்ற பாட்டுச் சண்டை மட்டும் ஓயவே இல்லை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டில் கூடவே இருந்த மாணவன் ஒருவன் கிட்டார் பைத்தியம். மனிதன் கையால் வாசித்தால்தான் இசை, பொத்தானை அழுத்தினால் அது இசை இல்லை என்பான். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா. ஷெஃபீல்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்பா பட்டறைத் தொழிலாளி. 1981இல் அவருக்குப் பதினெட்டு வயது. ஹியூமன் லீக் பாட்டுக்கு ஆடித் தீர்த்த தலைமுறை. அந்த ஊர் வழக்கப்படி எங்கள் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் 'கண்ணு' என்பது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் இந்தச் சண்டை முற்றிவிட்டது. மெஷின் பாட்டில் உயிர் இல்லை என்று அவன் சொல்ல, அந்த அம்மா கோபப்படவில்லை. டீ கலக்கிய ஸ்பூனை எடுத்தார். ஹியூமன் லீக் கேசட்டைப் போட்டார். மேசையில் ஸ்பூனால் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 118 தட்டு. ஆரம்பத்தில் எப்படியோ முடிவிலும் அப்படியே. தையல் மெஷின் போல ஒரே ஓட்டம். அப்புறம் பல்ப் குழுவின் பாட்டைப் போட்டார். அதே மாதிரி ஸ்பூனை ஆரம்பத்து வேகத்தில் தட்டத் தொடங்கினார். பாட்டு எவ்வளவு கத்தினாலும் இவர் வேகத்தை மாற்றவில்லை. மூன்று நிமிடம் போவதற்குள் ஸ்பூன் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாட்டு ஓடிவிட்டது! "கேட்டாயா லவ், உன் ஆள் ஓடுகிறான், என் ஆள் நிற்கிறான். இரண்டு பேரும் எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று யோசி" என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலப்பிரமாணம் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு, பாட்டு போகிற வேகம். கச்சேரியில் அது ஓடினால், அதாவது போகப் போக வேகம் கூடினால், குற்றம் என்பார்கள். ஆனால் 'காமன் பீப்பிள்' பாட்டில் அது ஓடவேண்டும். பாட்டின் கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். லண்டன் கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிற ஒரு கிரேக்கப் பெண். அப்பா பெரிய பணக்காரர். அவளுக்குச் சாதாரண ஜனங்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசை. கதை சொல்பவன் அவளை சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், கையில் காசில்லாதவள் போல நடி என்கிறான். முதலில் சிரித்த பேச்சுதான். போகப் போக அவனுக்குள் ஏதோ எரிகிறது. சுவரில் கரப்பான்பூச்சி ஓடும் அறையில் நீ படுத்தாலும், அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் எல்லாம் நின்றுவிடும், எங்களுக்கு அப்படி இல்லை என்கிறான். வீட்டில் யாராவது கோபத்தில் பேசும்போது கவனித்திருப்பீர்கள். குரல் உயர்வதற்கு முன்னாலேயே பேச்சு வேகமாகிவிடும். இந்தப் பாட்டில் டிரம் அப்படித்தான் ஓடுகிறது. தாளம் அவன் கட்சியில் சேர்ந்துகொள்கிறது.

இப்போது 1981க்கு வாருங்கள். ஹியூமன் லீக் பாட்டிலும் ஓர் ஆண், ஒரு பெண். மது விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த உன்னை நான்தான் பெரிய ஆளாக்கினேன், நினைத்தால் மறுபடி கீழே இறக்குவேன் என்று அவன் மிரட்டுகிறான். பாடுவது ஃபிலிப் ஓக்கி, ஒரு காலத்தில் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்தவர். தாளம் கொடுப்பது லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின், 1980இல் வந்தது. நிஜ டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து உள்ளே வைத்திருந்த முதல் மெஷின். அவன் மிரட்டும்போது அது அசையவில்லை. அடுத்த சரணத்தில் அந்தப் பெண் பதில் சொல்கிறாள். விடுதியில் வேலை செய்தது உண்மைதான், ஆனால் நீ இல்லாவிட்டாலும் நான் முன்னேறியிருப்பேன் என்கிறாள். அப்போதும் மெஷின் அசையவில்லை. அவனுக்கு என்ன தாளமோ அதே தாளம்தான் அவளுக்கும். யார் பக்கமும் சாயாத தராசு அது.

அந்தப் பெண் குரல் சூசன் சல்லியுடையது. 1980இல் ஷெஃபீல்டின் கிரேஸி டெய்சி என்ற நடன விடுதியில் அவரும் தோழி ஜோன் கேத்தராலும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓக்கி குழுவில் சேர்த்தார். இருவரும் அப்போது பள்ளி மாணவிகள். முறையாகப் பாட்டுப் பயின்றவர்கள் இல்லை. அந்தக் குரலில் மெருகு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று பதில் சொல்வது போல இருக்கும். மெஷின் பாட்டில் உயிர் எங்கே என்று கேட்பவர்கள் இந்தச் சரணத்தைக் கேட்க வேண்டும். மெஷின் அசையாமல் நிற்பதால்தான் அவள் குரலின் மனிதத்தனம் நமக்கு அப்பட்டமாகக் கேட்கிறது.

என்னைக் கேட்டால், கிட்டாரா சின்தசைசரா என்பது இரண்டாம் கேள்வி. தாளம் யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 'காமன் பீப்பிள்' பாட்டில் அந்தப் பணக்காரப் பெண்ணுக்குச் சொந்தக் குரல் இல்லை. அவள் சொன்னதையும் அவன்தான் சொல்கிறான். தாளமும் அவனோடு ஓடிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த பாட்டு, ஆனாலும் எது நேர்மையான பாட்டு என்று கேட்டால் நான் மெஷின் பாட்டைத்தான் சொல்வேன். கிட்டார் பைத்தியமான அந்த நண்பன் இன்றும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அவனுக்கு நான் சொல்கிற இன்னொரு விஷயம் உண்டு. உன் கிட்டார் பாட்டே ஒரு சின்ன கீபோர்டில்தான் பிறந்தது. பல்ப் குழுவின் பாடகர் ஜார்விஸ் காக்கர் லண்டன் நாட்டிங் ஹில்லில் பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு பழைய கேசியோ கீபோர்டை வாங்கிவந்தார். அந்த மெட்டை அதில்தான் கண்டுபிடித்தார்.

அப்புறம், இந்த இரண்டு குழுவும் வேறுவேறு காலத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பல்ப் 1978இலேயே தொடங்கிய குழு. 1981 நவம்பரில், ஹியூமன் லீக் இந்தப் பாட்டை வெளியிட்ட அதே மாதத்தில், பதினெட்டு வயது காக்கர் பிபிசி வானொலியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளரின் நிகழ்ச்சிக்காகப் பாடினார். ஹியூமன் லீக் பாட்டு அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. காக்கர் பதினான்கு வருடம் காத்திருந்து 1995இல் இரண்டாமிடம் வரை வந்தார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ப்ளர் என்ற பிரிட்பாப் குழு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு வரி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1994இல் அவர்களுடைய 'கேர்ள்ஸ் அண்டு பாய்ஸ்' பாட்டை சின்தசைசர் இசைக் குழுவான பெட் ஷாப் பாய்ஸ் மறுகலவை செய்து கொடுத்தார்கள். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

சரி, இப்போது 'காமன் பீப்பிள்' வருகிறது. வானொலிக்கென்று சுருக்கிய வடிவத்தில் ஒரு சரணம் போய்விடும் என்பதால், முழுப் பாட்டையும் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஏறத்தாழ ஆறு நிமிடம். பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.