விதையின் காவல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி வாழைப்பழம்தான் சேர வேண்டும் என்பார்கள். நீர்ப்பசை குறைவு, சீக்கிரம் கெடாது. அந்த விருப்பாச்சியும், நமக்குப் பக்கத்தில் சிறுமலையில் விளையும் மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் அந்த மலைகளில் போன நூற்றாண்டிலேயே வாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்துபோயின. அழித்தது ஒரு வைரஸ். நோயின் பெயர் முடிக்கொத்து.

வாழை வைத்திருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு கன்றின் மேல் சந்தேகம் வந்தால், இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்தி அடித்த மாதிரி விட்டுவிட்டுத் தெரியும். காம்பிலும் தெரியும். அப்புறம் வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் நெருக்கியடித்து நிற்கும். இளம் வயதில் நோய் கண்ட மரம் குலை தள்ளுவதே இல்லை.

இதைப் பரப்புவது வாழை அசுவினி என்ற, சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு இந்த நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் மனிதர்கள்தான், கன்று வழியாக. காட்டுவாழைப் பழத்தில் கறுப்பாக, கல் மாதிரி விதைகள் நிறைந்திருக்கும். நம் முன்னோர்கள் விதையில்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் அதுவும் வாழையடி வாழையாக வந்துகொண்டே இருக்கும்.

விதைக்குள் நுழைவது வைரஸுக்கு அவ்வளவு லேசு இல்லை. தாய்ச் செடியின் சாற்றுக்குழாய் விதையுறையோடு நின்றுவிடுகிறது. உள்ளே வளரும் கருவுக்கு நேரடி இணைப்பு கிடையாது. அதனால் செடி முழுக்க வைரஸ் இருந்தாலும் அதன் விதையில் பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் சுத்தமாகப் பிறக்கிறது. நமக்குத் தெரிந்த தாவர வைரஸ்களில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்குதான் விதை வழியாகப் போகக்கூடியவை. உளுந்தில் இலை சுருங்கி நெளிகிறதே, அது அப்படி விதையோடு வருவதுதான்.

விதையையும் மகரந்தத்தையும் மட்டுமே நம்பி வாழும் வைரஸ்களும் உண்டு. செடி காய்த்து விதை விட்டால்தான் அவற்றுக்கு அடுத்த தலைமுறை. அதனாலோ என்னவோ, அவை இருக்கும் செடியில் நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை. அசுவினி மேல் ஏறிப் போகிற வைரஸுக்கு அந்தக் கவலை கிடையாது. இந்தச் செடி செத்தாலும் அதற்கு அடுத்த செடி இருக்கிறது.

செடிகள் ஏன் இவ்வளவு செலவு செய்து பூக்க வேண்டும்? கன்று விட்டே பெருகலாமே? இந்தக் கேள்விக்கு உயிரியலாளர்கள் சொல்லும் பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது: பூத்துக் கலந்து பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வேறு மாதிரி இருக்கும், ஒரு செடிக்குப் பழகிய வைரஸ் இன்னொன்றில் தடுமாறும். 1990-களில் அமெரிக்காவில் ஒரு புல்லை வைத்துச் சோதித்தார்கள். தாயின் நகலாகப் பிரித்து நட்டவற்றில், விதை வழி வந்தவற்றைவிட, அசுவினி பரப்பும் வைரஸ் அதிகமாகத் தொற்றியது.

அதற்காக வைரஸ் பூவுக்கு எப்போதும் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வெள்ளரித் தேமல் வைரஸ் தாக்கிய தக்காளிச் செடியின் வாசம் மாறிவிடுகிறது, அந்த வாசத்தைத் தேடி வண்டுத்தேனீக்கள் வருகின்றன என்று அதில் கண்டார்கள். தக்காளிப் பூவிலிருந்து மகரந்தம் உதிர, தேனீ அதைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தில் அதிர வைக்க வேண்டும். நோயால் செடிக்கு விதை குறைகிறது. கூடுதலாக வரும் தேனீக்களால் அந்த நஷ்டம் ஓரளவு ஈடாகலாம். அப்படியானால் அந்த வைரஸுக்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் காட்டுச் செடிகளில் அழியாமல் தொடர்வதற்கும் அதுவே ஒரு காரணமாகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு வைரஸ் செடியின் கல்யாணத்துக்குத் துணைபோகிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

சரி, விதையே இல்லாத மலைவாழைக்கு என்ன வழி? செடியின் நுனிக்குருத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு பகுதிக்குள் வைரஸ் எளிதில் புகுவதில்லை. 1952-இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் என்ற இருவர் அந்த நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, நோயற்ற டேலியாப் பூச்செடிகளை உண்டாக்கினார்கள். இன்றைய திசு வளர்ப்புக் கன்றுகள் அந்த வழியில் வந்தவை. ஆனால் திசு வளர்ப்பு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தாய்மரத்துக்கு வைரஸ் பரிசோதனை செய்ததற்குச் சான்று கேளுங்கள். தோட்டத்தில் முடிக்கொத்து கண்ட மரம் இருந்தால் முதலில் அதிலுள்ள அசுவினியை மருந்தடித்துக் கொல்லுங்கள். இல்லாவிட்டால் மரத்தைச் சாய்த்ததும் அது பக்கத்து வாழைக்கு நகர்ந்துவிடும். பிறகு கிழங்கோடு தோண்டி எடுங்கள். துண்டுக் கிழங்கு மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து முளைக்கும் கன்றில் வைரஸ் இருக்கும்.

நன்றி, வணக்கம்.