கணுக்காலளவுக் குளிர்

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வரும் ஐந்து நாள்களுக்கான வானிலை அறிக்கை சுருக்கமானது. வறண்ட வானிலை நிலவும். அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் காணப்படும். குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிடச் சற்றுக் குறையக்கூடும். அவ்வளவுதான். "மழை இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மழை என்றால் நாம் விழித்துக்கொள்வோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதையும், வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதையும் யாரும் மறக்கவில்லை. பனி சத்தமில்லாமல் வந்து போகிறது. முப்பது வருடம் புவியியல் நடத்திவிட்டு, இப்போது கெலமங்கலம் பக்கத்தில் கொஞ்சம் அவரையும் நாற்பது மாமரமும் வைத்திருக்கிற எனக்கு, அந்தச் சின்ன அறிக்கையில்தான் இந்த வாரத்து வேலை முழுவதும் இருக்கிறது.

குறைந்தபட்ச வெப்பநிலை என்கிறார்களே, அதை எங்கே அளக்கிறார்கள்? தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்று புகுந்து வரும்படி சட்டம் அடித்த வெள்ளை மரப்பெட்டிக்குள். அதாவது ஓர் ஆள் நின்றால் மார்பளவுக் குளிர். உங்கள் அவரைக்கொடியும் தக்காளி நாற்றும் இருப்பது கணுக்கால் அளவில். போன வருடம் ஒரு தெர்மாமீட்டரைத் திண்ணைத் தூணில் கட்டினேன். இன்னொன்றைப் பாத்தி ஓரத்தில் ஒரு குச்சியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் தூணில் 14, பாத்தியில் 11. கண்ணாடிக் குழாய் முழுக்கப் பனி முத்து. வேட்டி நுனியால் துடைத்துத்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. அறிக்கையைக் கேட்டதும் என் வயலுக்கு மூன்று டிகிரி கழித்துக்கொள்வது அன்றிலிருந்து பழக்கம். உங்கள் வயலுக்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டர் கீழே வந்தால் கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று நானே கரும்பலகையில் எழுதியவன். தை மாத இரவு ஓர் ஊருக்குள்ளேயே அந்தப் பாடத்தைக் கவிழ்த்துவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே பள்ளம் தேடி ஓடும். மேட்டுக்காட்டுக்காரர் போர்வையோடு நிற்பார். ஏரிக்கீழ்ப் பள்ளத்தில் இருப்பவர் அதற்குமேல் கம்பளியும் தேடுவார். பனிமூட்டம் முதலில் கட்டுவதும் அங்கேதான்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னபோது, தரைக்கும் மச்சுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எங்கள் பக்கத்தில் தெலுங்குக்காரர் இதைச் 'சலி' என்பார், கன்னடக்காரர் 'சளி' என்பார், இரண்டும் குளிர்தான். தமிழ்க்காரருக்கு மட்டும் அது மூக்கில் இறங்கிவிட்டது.

சரி, மாமரத்துக்கு வருவோம். பூ எடுக்க இந்தக் குளிர் வேண்டும். அந்த வகையில் அறிக்கை நல்ல செய்தி. ஆனால் இரவுக் குளிரும் ஈரமும் பகல் வெயிலும் சேர்ந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வரும். கொத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள். காம்பில் விபூதி பூசினாற்போல் வெள்ளை தெரிந்தால், நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். எப்போது என்பதுதான் முக்கியம். ஒருமுறை விடியற்காலையிலேயே சுறுசுறுப்பாகத் தெளித்தேன். பூவில் நின்ற பனி நீரோடு மருந்தும் வழிந்து தரைக்குப் போனது, கூலியும் போனது. பனி காய்ந்த பிறகு தெளியுங்கள். பூ முழுதாக விரிந்திருக்கும்போது பூச்சிமருந்தைத் தொடாதீர்கள். ஈயும் தேனீயும் வராவிட்டால் பெங்களூரா மாவில் பிஞ்சு ஏது?

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும் என்பதற்காகப் புழு வளர்ப்பு மனையை இறுக மூடிக் கரி அடுப்பு வைப்பவர்கள் உண்டு. அந்தப் புகையில்லாத நச்சுக்காற்று புழுவுக்கு முன் ஆளைத்தான் சாய்க்கும். மேலே ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு எரிகிற மனையில் யாரும் படுக்க வேண்டாம். பனி ஈரத்தோடு மல்பெரி இலையையும் போடாதீர்கள்.

விடிவதற்குள் பூக்கூடையோடு ஓசூருக்கும், தக்காளியோடு ராயக்கோட்டைக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள் பனிமூட்டத்தில் பெரிய விளக்கைப் போடாதீர்கள். வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். தாழ்வான விளக்கே போதும்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்று மேலே பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, முற்றத்து வேப்பிலை அசையாமல் இருந்தால், நாற்றங்காலை வைக்கோலால் மூடிவிட்டுப் படுங்கள். மேகம் இருந்தால் வைக்கோல் மாட்டுக்கே இருக்கட்டும்.

வணக்கம்.